மேரியில் வாசித்ததும் ஸ்டேஷனில் எழுதி வாங்குவதும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இன்று நிற்கும் மேரி, அதாவது நகர மன்றக் கட்டடம், புதிது. பழையது 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் பிரெஞ்சுச் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்பவர்கள் மேரிக்குப் போய் மேயர் முன்னால் நிற்க வேண்டும். அவர் சிவில் சட்டத்திலிருந்து கணவன் மனைவி கடமைகளைச் சொல்லும் அத்தியாயத்தை உரக்க வாசிப்பார். வாசித்தே ஆக வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு. அப்படி வாசித்தவற்றில் 213-ஆம் பிரிவும் உண்டு: கணவன் மனைவியைக் காக்க வேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும். 1804-ல் நெப்போலியன் போட்ட சட்டம். பாரீஸில் ஒரு பெண் நின்று கேட்டதையே மிஷன் வீதிப் பெண்ணும் நின்று கேட்டாள்.

இதில் ஒரு நேர்மை இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் யார் மேல், யார் கீழ் என்பதை அந்தச் சட்டம் சாட்சிகளை வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொன்னது. பிறகு வந்த சட்டங்கள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் யார் அடிப்பார், யார் அடிபடுவார், யார் பொறுத்துப்போவார் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டுதான் அவையும் வந்தன. இந்த ஊருக்குச் சட்டம் பல தடவை மாறியது. ஒவ்வொரு தடவையும் எது மாறியது, எது அப்படியே தங்கிவிட்டது என்று பார்க்கப் புதுச்சேரியைவிடத் தோதான ஊர் இந்தியாவில் இல்லை.

213-ஆம் பிரிவு ஊரில் எல்லோர் தலையிலும் விழவில்லை. 1819 ஜனவரி 6-ஆம் தேதி ஆணை பிரெஞ்சுச் சட்டங்களை இங்கே கொண்டுவந்தபோதே, இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தத்தம் சாதி வழக்கப்படி நியாயம் பெறலாம் என்று விட்டுவிட்டது. வழக்கம் எது என்று நீதிமன்றத்துக்குச் சொல்ல 1827-ல் ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார்கள். உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்த குழு. பெரிய மனிதர் என்றால் ஆண் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரி இந்து வழக்கத்தில் தகப்பன் உயிரோடிருக்கும்வரை சொத்து முழுக்க அவர் கையில். பெற்ற மகனுக்கே பிறப்புரிமை கிடையாது. அப்படியிருக்க, வந்து சேர்ந்த மருமகள் எந்த மூலைக்கு?

1881 செப்டம்பர் 21-ஆம் தேதி இன்னோர் ஆணை வந்தது. சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வர விரும்புகிறவர் கையெழுத்துப் போட்டுப் புதுப் பெயர் எடுத்துக்கொள்ளலாம். அப்படித் துறந்தவர்கள்தான் ரெனோன்சான்கள். இந்த இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, பிற்பாடு லாபோர்த். 1873-ல் பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் வரக்கூடாது என்று நீதிபதி தடுத்தபோது பாரீஸ் உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றவர். சாதி வழக்கத்திலிருந்து வெளியேறுவது பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கதவு வழியாகக் கணவனும் மனைவியும் ஒன்றாக வெளியே வந்தபோது கணவன் பிரெஞ்சுக்காரனுக்குச் சமமானான். மனைவிக்குக் கிடைத்தது 213-ஆம் பிரிவு. அதுவரை வழக்கமாக இருந்த கீழ்ப்படிதல் அவளுக்கு அச்சில் வந்தது.

பிரெஞ்சு தண்டனைச் சட்டம் இன்னும் பச்சையாகப் பேசியது. மனைவி சோரம் போனால் 3 மாதம் முதல் 2 ஆண்டுவரை சிறை. கணவன் போனால் அபராதம் மட்டும். அதுவும் வைப்பாட்டியைக் கொண்டுவந்து குடும்ப வீட்டிலேயே குடிவைத்திருந்தால்தான். வேறு தெருவில் வைத்திருந்தால் சட்டத்துக்கு அது கண்ணில் படாது. 324-ஆம் பிரிவு இதற்கும் மேலே போனது. சொந்த வீட்டில் மனைவியை இன்னொருவனோடு கையும் களவுமாகப் பிடித்து அந்தக் கணமே கொன்ற கணவனின் குற்றம் மன்னிக்கத்தக்கது. தண்டனை வெகுவாகக் குறையும். கணவனை அப்படிப் பிடிக்கும் மனைவிக்கு இந்தச் சலுகை கிடையாது. பிரான்ஸ் இந்தப் பிரிவை எடுத்தது 1975-ல். அதற்குள் புதுச்சேரி பிரான்சை விட்டு வந்து வெகு காலம் ஆகிவிட்டது.

அதே காலத்து சிவில் சட்டத்தில் விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்று கொடுமை. அடித்தாலும், அவமானப்படுத்தினாலும், இருவரில் யார் செய்தாலும் மற்றவர் கேட்கலாம். 1816-ல் பிரான்ஸ் விவாகரத்தையே ஒழித்து 1884-ல்தான் திரும்பக் கொண்டுவந்தது என்பதால் நடுவில் அறுபத்தெட்டு ஆண்டுகள் கூடி வாழாமல் பிரிந்திருக்க மட்டுமே வழி. இருந்தாலும் கவனிக்க வேண்டியது இது: கொடுமையைக் காரணம் காட்டிப் பிரிந்துபோவதில் ஆணும் பெண்ணும் ஒன்று, தண்டிக்கும் சட்டத்தில் வேறு வேறு. இன்றைய இந்தியச் சட்டமும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் கொடுமை என்பது இருவருக்கும் பொது. தண்டனைச் சட்டத்துக்கு வந்தால் கொடுமை செய்பவர் கணவனும் அவன் வீட்டாரும் மட்டுமே. யார் பக்கம் சாய்வது என்பதுதான் தலைகீழாகியிருக்கிறது.

தலைகீழான நாளுக்குத் தேதி உண்டு. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி முழுதும் இந்தியாவுடன் சேர்ந்தது. இந்திய தண்டனைச் சட்டமும் இந்து திருமணச் சட்டமும் ஊருக்குள் வந்தது 1963 அக்டோபர் 1-ல். முந்திய நாள் வரை சோரம் போனதற்குச் சிறைக்குப் போக வேண்டியவள் மனைவி. மறுநாள் முதல் சிறை அவளோடு இருந்த வேற்று ஆணுக்கு மட்டும், 5 ஆண்டுவரை. அவளை உடந்தை என்றுகூடத் தண்டிக்க முடியாது. புகார் கொடுக்கும் உரிமை அவள் கணவனுக்கு. கணவன் வேறொருத்தியோடு போனால் மனைவி யார்மேலும் புகார் கொடுக்க முடியாது. பழைய சட்டம் அவளைக் குற்றவாளி என்றது, புதியது களவுபோன பொருள் என்றது. உடைமைக்காரன் இரண்டிலும் ஒருவன்தான். 497-ஆம் பிரிவு என்ற அந்தச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ஜோசப் ஷைன் வழக்கில் ரத்து செய்தது 2018 செப்டம்பர் 27-ல். அதாவது இந்த ஊர்ப் பெண் ஐம்பத்தைந்து வருஷம் பொருளாக இருந்தாள்.

பக்கத்துக் கடலூரில் இந்து ஆண் இரண்டாம் தாரம் கட்டுவதைச் சென்னை மாகாணச் சட்டம் 1949-லேயே தடுத்திருந்தது. எல்லைக் கோட்டைத் தாண்டிய இந்தப் பக்கத்துக்கு அந்தத் தடை 1963-ல்தான் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்த சட்டத்துக்கும் ஒரு விலக்கு வைத்தார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் புதுச்சேரிக்கென்றே ஒரு துணைப்பிரிவைச் செருகி, ரெனோன்சான்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றார்கள். அவர்களுக்கு பிரெஞ்சு சிவில் சட்டமே தொடர்ந்தது. 1962-ல் எப்படி இருந்ததோ அப்படி. பிரான்ஸ் 1938-ல் மனைவியின் கீழ்ப்படிதலை நீக்கியிருந்தாலும் குடும்பத் தலைவன் கணவனே என்ற வாசகத்தை 1970-ல்தான் நீக்கியது. கணவன் சம்மதமில்லாமல் மனைவி வேலைக்குப் போகலாம் என்பதே 1965-ல் வந்ததுதான். கப்பல் ஏறிப் போன சட்டம் அங்கே திருந்திக்கொண்டது. இங்கே தங்கிய பிரதி திருந்தவில்லை.

சட்டப் பேச்சை விட்டுவிட்டு அடிக்கு வருவோம். 1963-ல் வந்த இந்தியச் சட்டத்தில் மனைவியை அடிப்பதற்கென்று தனிக் குற்றம் கிடையாது. தெருவில் எவனோ எவனையோ அறைவதும் இதுவும் ஒரே பிரிவு. நீதிமன்ற உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கக்கூட முடியாத சின்னப் பிரிவு. எழுபதுகளின் கடைசியில் ஸ்டவ் வெடித்துச் செத்த மருமகள்களின் செய்திகள் வடக்கே பெரிய போராட்டமாக மாறின. 1983 கடைசியில் 498-ஏ வந்தது. கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமைக்கு 3 ஆண்டுவரை சிறை. பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் கிடைப்பது கஷ்டம். 2024 ஜூலை முதல் இதுவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு.

வரதட்சணைச் சாவுகளின் சூட்டில் பிறந்ததால் அந்தச் சட்டம் வரதட்சணையோடு ஒட்டிக்கொண்டே வளர்ந்தது. படித்துப் பார்த்தால் வரதட்சணை கேட்காமல் செய்யும் கொடுமையும் அதில் உண்டு. ஆனால் கோர்ட்டுக்குப் பக்கத்தில் புகார் டைப் அடித்துக்கொடுப்பவரிடம் போய் உட்காரும் பெண்ணுக்கு முதலில் விழும் கேள்வி, “நகை எத்தனை சவரன் போட்டாங்க?” அவள் சொல்ல வந்தது சந்தேகப்பட்டு அடிக்கிறான் என்பது. போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறான், அம்மா வீட்டுக்கு விடுவதில்லை என்பது. அதெல்லாம் எடுபடாது என்று கேட்டவருக்குத் தெரியும். மேலும் 5 லட்சம் ரொக்கமும் ஒரு பைக்கும் கேட்டுத் துன்புறுத்தியதாக ஒரு பாரா சேர்கிறது. இரண்டு வருஷம் கழித்து குறுக்கு விசாரணையில் அந்தப் பாராவைத்தான் எதிர்த் தரப்பு வக்கீல் உடைப்பார். அது உடைந்தால் உண்மையான அடியும் சேர்ந்து பொய்யாகிவிடும். பொய்க் கேஸ் என்று பேசுபவர்கள் இந்தப் பாரா எங்கே பிறந்தது என்று கேட்பதில்லை. சட்டம் கேட்க விரும்பும் கதையை அவள் சொல்ல வேண்டியிருந்தது. அடிபட்டது மட்டும் போதவில்லை.

மகளிர் காவல் நிலையம் என்பது நம் பக்கத்தில் பெரிய எதிர்பார்ப்போடு வந்தது. கோழிக்கோட்டில் 1973-ல் நாட்டின் முதல் நிலையம். தமிழ்நாட்டில் 1992-ல் சென்னை ஆயிரம்விளக்கில் தொடங்கி ஊர் ஊராகப் பரவியது. புதுச்சேரியிலும் வந்தது. ஆண் போலீஸிடம் ஒரு பெண் உடம்புக் காயத்தைக் காட்டிப் பேச முடியாது என்ற நியாயம் யாருக்கும் புரியக்கூடியது. அதோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. வீட்டுக்குள் நடக்கும் அடி பொம்பளைங்க சமாச்சாரம், அதைப் பெண் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். இதனால் மற்ற நிலையங்களுக்கு வேலை மிச்சம். ராத்திரி பத்து மணிக்கு பக்கத்து ஸ்டேஷனில் போய் நிற்பவளுக்கு, “இங்க இல்லம்மா, அது மகளிர் ஸ்டேஷன் கேஸு, காலையில அங்க போ” என்ற பதில். அந்த ராத்திரியை அவள் எந்த வீட்டில் கழிப்பாள் என்பது கேள்விக்கு வராது. ஹரியானாவில் 2015-ல் மாவட்டந்தோறும் மகளிர் நிலையம் திறந்ததை ஆராய்ந்த நிர்விகார் ஜஸ்ஸல், பதிவாகும் வழக்குகள் அதனால் கூடவில்லை என்று கண்டார். மத்தியப் பிரதேசத்தில் வேறு ஆய்வாளர்கள் 180 சாதாரணக் காவல் நிலையங்களை எடுத்துக்கொண்டு அவற்றில் பலவற்றின் உள்ளேயே பெண்களுக்கான உதவி மேசை போட்டுப் பார்த்தபோது பதிவு கூடியது. பெண் அதிகாரி உட்கார்ந்த மேசையில் எஃப்.ஐ.ஆர் இன்னும் கூடுதல். 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் அந்த ஆய்வு வந்தது. பெண் அதிகாரி வேண்டும் என்பது சரி. அவரைத் தனிக் கட்டடத்தில் ஒதுக்கி வைத்தது சரியில்லை என்றே இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குப் படுகிறது.

மேசைக்கு இந்தப் பக்கம் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். எந்த நிலையம் என்று சுட்ட வேண்டியதில்லை, தமிழ் பேசும் எந்த ஊரிலும் இதுதான் வழக்கம். அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவனுக்குப் போன் போகும். அவன் அம்மா, அக்காவோடு வருவான். அதிகாரி முதலில் அவனைச் சத்தம் போடுவார். அது நிஜமான கோபம்தான். சில சமயம் அதிகாரியின் சொந்த வீட்டுக் கோபமும் அதில் கலந்திருக்கும். பிறகு குரல் இறங்கும். “ஏம்மா, ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு எங்க போவ? அவன்தான் இனிமே குடிக்க மாட்டேங்கிறான் இல்ல?” அடிக்கிற கைதான் அணைக்கும் என்று மாமியார் சொல்வார். ஒரு வெள்ளைத்தாளில் எழுத ஆரம்பிப்பார்கள்: இனி கை நீட்ட மாட்டேன், ஒழுங்காக வீட்டுச் செலவுக்குக் கொடுப்பேன் என்று அவன். கீழே அவளுக்கும் ஒரு பத்தி உண்டு. இனி கணவர் மனம் கோணாமல் நடப்பேன், சொல்லாமல் தாய் வீட்டுக்குப் போக மாட்டேன். இருவர் கையெழுத்தும், இரண்டு சாட்சியும். அடிபட்டவளும் சேர்ந்து உறுதிமொழி கொடுக்கும் அந்தத் தாளில் காவல் துறையின் முத்திரை விழும்போது, மேரியில் வாசித்த 213-ஆம் பிரிவுதான் இந்த மேசைக்கு வந்துவிட்டது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. காக்க வேண்டும், கீழ்ப்படிய வேண்டும். சட்டப் புத்தகத்தில் இல்லாத பிரிவு, ஆனால் இதன் கீழ்தான் வழக்குகள் அதிகம் முடிகின்றன.

குடி பற்றி ஒரு வார்த்தை. சாராயக் கடை அரசு அனுமதியோடு ஏலம் போகும் ஊர் இது. அதனால் “குடிச்சிட்டா அப்படி, மத்தபடி தங்கமான ஆளு” என்ற வாக்கியம் இங்கே பாதி வாதத்தை முடித்துவிடும். குடித்த அதே ஆள் கடைக்காரரையோ மேலதிகாரியையோ ஏன் அடிப்பதில்லை என்று மேசையில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

2006 அக்டோபர் 1-ல் பாண்டிச்சேரி என்ற பெயர் புதுச்சேரி ஆனது. அதே மாதம் 26-ஆம் தேதி குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அமலுக்கு வந்தது. முந்திய சட்டங்களைவிட இது நிஜமாகவே வேறு ரகம். அடி மட்டுமல்ல, வாய்ச்சொல், பணத்தை அடக்கி வைப்பது, பாலியல் வன்முறை எல்லாம் இதில் வன்முறை. மனைவி மட்டுமல்ல, அம்மா, அக்கா தங்கை, கல்யாணமாகாமல் கூடி வாழும் பெண், எல்லோரும் கேட்கலாம். சிறைக்கு அனுப்புவதைவிட வீட்டில் தங்கும் உரிமையும் ஜீவனாம்சமும் பாதுகாப்பு உத்தரவும் தருவதுதான் இதன் வேலை. மாஜிஸ்திரேட் முதல் விசாரணையை 3 நாளுக்குள் வைத்து 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நடப்பது வேறு, அது ஊரறிந்தது. மாமனார் பெயரில் இருக்கும் வீட்டில் மருமகளுக்குத் தங்கும் உரிமை இல்லை என்று 2006-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2020 அக்டோபரில் அதை மாற்றி, உண்டு என்றது.

இந்தச் சட்டத்தின் 5-ஆம் பிரிவை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று தெரியாது. வீட்டு வன்முறை பற்றித் தகவல் பெறும் போலீஸ் அதிகாரி, பாதிக்கப்பட்ட பெண்ணிடம் ஐந்து விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்கிறது அது. இந்தச் சட்டப்படி நிவாரணம் கேட்கலாம்; உதவி அமைப்புகள் இருக்கின்றன; பாதுகாப்பு அதிகாரி என்றொருவர் இருக்கிறார்; இலவசச் சட்ட உதவி உண்டு; 498-ஏ புகாரும் கொடுக்கலாம். மேயர் வாசிக்க வேண்டியதை மேயர் வாசித்தார். இந்த ஐந்தை வாசிக்க ஒன்றரை நிமிஷம் ஆகும். எழுதி வாங்கி அனுப்பும் மேசைகளில் இது யார் வாயிலும் வருவதில்லை.

இந்தச் சட்டமும் பெண்ணுக்குத்தான். ஆணுக்கு இல்லை. தொடக்கத்தில் யார் மீது மனுப் போடலாம் என்பதிலும் வயதுவந்த ஆண் என்ற சொல் இருந்தது. அதை உச்ச நீதிமன்றம் ஹிரல் ஹர்சோரா வழக்கில் 2016 அக்டோபரில் நீக்கியது. அதற்குப் பிறகு மாமியார், நாத்தனார்மீதும் நேரடியாகக் கேட்கலாம். பெண்ணும் அடிப்பாள் என்று இந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. அதுவும் இன்னொரு பெண்ணை அடித்தால்.

கணவனை அடிக்கும் மனைவி? அவளுக்கு நம் வார இதழ்களில் அறுபது வருஷமாக ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறது. பூரிக்கட்டையோடு நிற்பாள், அவன் தலையில் வீக்கத்தோடு நிற்பான். அந்த ஜோக்கைப் படித்து வளர்ந்தவர்தான் ஸ்டேஷனிலும் உட்கார்ந்திருக்கிறார். உதடு கிழிந்து வரும் ஆணிடம் “என்னய்யா, பொண்டாட்டிகிட்ட வாங்கினியா?” என்று அவர் சிரிப்பதை நிறுத்த எந்தச் சட்டமும் தேவையில்லை, சாதாரணக் காயம் என்ற பிரிவு அவனுக்கும் உண்டு. ஆனால் அந்தப் பிரிவில் போலீஸ் தானாக விசாரிக்க முடியாது. வீட்டிலிருந்து வெளியேற்றாதே என்ற உத்தரவு கேட்கவும் அவனுக்கு இடமில்லை. இது நிஜக் குறை. 2024 டிசம்பரில் பெங்களூரில் ஒரு மென்பொருள் ஊழியர், மனைவி தரப்பில் போட்ட வழக்குகளைக் காரணமாகச் சொல்லித் தற்கொலை செய்துகொண்டபோது இந்தக் குறை தேசியப் பேச்சானது. அதே மாதம் உச்ச நீதிமன்றமும் ஒரு தெலங்கானா வழக்கில் 498-ஏ பழிவாங்கும் கருவியாகிறது என்று கண்டித்தது. அது முதல் கண்டனம் அல்ல. 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கிலேயே, கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக்கூடாது என்று போலீஸைக் கட்டிப்போட்டாகிவிட்டது.

ஆனால் எண்களை எடுத்துக்கொண்டு பார்த்தால் தராசு எங்கே நிற்கிறது என்பதில் மயக்கம் இருக்க முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 29 பேர் கணவன் கையால் வன்முறை கண்டவர்கள், தமிழ்நாட்டில் 38. தன்னை அடிக்காத நேரத்தில் கணவனை அடித்ததுண்டு என்று ஒப்புக்கொண்ட பெண்கள் நூற்றுக்கு 4. அடிபட்ட பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் சொல்லவும் இல்லை, உதவி கேட்கவும் இல்லை. அதே ஆய்வில், ஏதோ ஒரு காரணத்துக்குக் கணவன் அடிப்பது நியாயம் என்ற ஆண்கள் 44 சதவீதம், பெண்கள் 45 சதவீதம். எல்லாப் பெண்களும் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள் என்று பேசுபவர், ஓடாத அந்த 77 பேரையும் எண்ணிவிட்டுப் பேசலாம். ஆகவே ‘கணவன்’ என்று இருக்கும் இடத்தில் ‘துணை’ என்று திருத்திவிட்டால் சமத்துவம் வந்துவிடும் என்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஸ்டேஷன் மேசை இப்போது இருப்பதுபோலவே இருக்க, அந்தத் திருத்தம் வந்தால் முதல் வாரத்திலேயே அடிபட்டவள்மேல் எதிர்ப்புகார் ஒன்று பதிவாகி, இரண்டையும் வைத்துச் சமரசம் பேசுவார்கள். காயம் பட்ட ஆணுக்குத் தனியாக ஒரு பாதுகாப்பு உத்தரவு வழி திறக்கலாம். அதற்குப் பெண்ணின் சட்டத்தைக் கலைக்க வேண்டியதில்லை.

எனக்கு இதைவிடக் கவலை தருவது, இந்தச் சட்டங்கள் பெண் என்று எழுதியிருந்தாலும் ஸ்டேஷன் அதை மனைவி என்றே படிப்பது. மகன் கையால் அடிபடும் கிழவி போனால், “பெத்த புள்ளமேலயா கேஸு குடுப்ப?” பெற்றோர் பூட்டி வைத்த பெண் தப்பி வந்தால், அவளைத் திரும்பப் பெற்றோரிடமே கூட்டிப்போய் விடுவது. புதுச்சேரிக்கும் மேல்முறையீட்டு மன்றமான சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 2025 மே மாதம் இப்படி ஒரு வழக்கு வந்தது. இன்னொரு பெண்ணை நேசித்த வேலூர்ப் பக்கத்து இளம்பெண்ணை போலீஸ் பெற்றோரோடு அனுப்பிவைத்திருந்தது. அங்கே அவளை அடித்தார்கள். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அவளை விடுவித்து, தானாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது, போலீஸைக் கண்டித்தது. வயதுவந்த பெண்ணுக்கு அப்பா அம்மா வீடு என்றால் பாதுகாப்பு என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? எதிலும் இல்லை. மேசைக்கு வந்தவளை ஏதோ ஒரு ஆண் பெயரில் இருக்கும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால் கடமை முடிந்தது என்ற பழக்கத்தில் இருக்கிறது.

திருநங்கைக்கு அந்த வீடும் இல்லை. மதுரை அமர்வு 2019-ல் இந்து திருமணச் சட்டத்தின் மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. 2025 ஜூனில் ஆந்திர உயர் நீதிமன்றம், திருநங்கை மனைவியும் 498-ஏ புகார் கொடுக்கலாம் என்றது. இது ஒரு பக்கம். திருநர் பாதுகாப்புக்கென்று 2019-ல் வந்த சட்டமோ அவர்களை அடித்தாலும் பாலியல் வன்முறை செய்தாலும் 6 மாதம் முதல் 2 ஆண்டு என்று முடித்துக்கொண்டது. மற்றப் பெண்ணைப் பலாத்காரம் செய்தால் பத்து ஆண்டுக்குக் குறையாது.

திருப்பி அடித்தவள் கதை தனி. 1989-ல் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் கொடுமை தாளாமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த சுயம்புக்கனி வழக்கில், கொலை என்பதற்குக் கீழ்ப்பட்ட குற்றமாக அதைப் பார்த்தது. நீண்ட நாள் சேர்ந்த ஆத்திரமும் ஆத்திரம்தான் என்று சொல்ல நீதிபதிகளுக்கு நல்லதங்காள் கதை கைகொடுத்தது. அந்தப் பெயரையே அதற்கு வைத்தார்கள். சாகப் போனவளுக்கு நம் நீதியில் இரக்கம் உண்டு. எதிர்த்து நின்றவளுக்கு இரக்கம் காட்டிய போலீஸ் ஒருவர் நினைவுக்கு வருகிறார். 2012 பிப்ரவரியில் மதுரையில், மகளைப் பலாத்காரம் செய்ய முயன்ற கணவனை கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணை, அப்போதைய மாவட்டக் கண்காணிப்பாளர் அஸ்ரா கார்க் தற்காப்பு என்று சொல்லி விடுவித்தார். தற்காப்புப் பிரிவு 1860 முதல் புத்தகத்தில் இருப்பதுதான். மனைவிக்கும் அது பொருந்தும் என்று ஸ்டேஷன் மட்டத்திலேயே ஒருவர் படித்துப் பார்த்தது அன்று செய்தியானது.

இனி புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதிக்கு, கால்வாய்க்கு அந்தப் பக்கம் திரும்பலாம். மரீன் வீதியில் பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமையோடு வாழும் தமிழர்கள் சில ஆயிரம் பேர் இன்னும் இந்த ஊரில் உண்டு. பெரும்பாலும் சொல்தா குடும்பங்கள், தாத்தா பட்டாளத்தில் இருந்தவர்கள். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் மாப்பிள்ளைக்கு ஒரு காலத்தில் வரதட்சணை எகிறியதும், பாஸ்போர்ட் உள்ள பெண்ணுக்கு அது வேண்டாமென்று தள்ளுபடி ஆனதும் முத்தியால்பேட்டைத் திண்ணைகளில் பழைய பேச்சு. 213-ஆம் பிரிவைத் தந்த அதே பிரான்சில் இன்று குடும்ப வன்முறைச் சட்டம் ஆண், பெண் பார்ப்பதில்லை. 2010 முதல் பாதுகாப்பு உத்தரவை இருவரில் யாரும் கேட்கலாம். கணவன் மனைவியைப் பலாத்காரம் செய்தாலும் பலாத்காரம்தான் என்று அங்கே உச்ச நீதிமன்றம் 1990-ல் சொல்லி, 2006-ல் சட்டத்திலும் எழுதினார்கள். பிரெஞ்சுக் குடிமகன் வெளிநாட்டில் செய்யும் பெருங்குற்றத்துக்கும் பிரெஞ்சுச் சட்டம் பொருந்தும், பலாத்காரம் அந்த வகையில் சேரும். ஆக, ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு வீட்டுக் கணவன் கையில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட். மனைவி புகார் கொடுத்தால், ஏட்டளவிலேனும், பாரீஸில் அவன் குற்றவாளிக் கூண்டில் ஏறலாம். அடுத்த வீட்டுக்காரன் இந்தியக் குடிமகன். நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவில் இருக்கும் விலக்கின்படி, பதினெட்டு வயதான மனைவியிடம் அவன் செய்வது பலாத்காரமே ஆகாது.

அந்த விலக்கு செல்லுமா என்பதில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் 2022 மே 11-ல் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு, இதைப் பலாத்காரம் என்று தண்டிப்பது மிகக் கடுமை, திருமண உறவைக் குலைக்கும் என்று மனு தாக்கல் செய்தது. விசாரணை தொடங்கியது, ஆனால் அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் அடுத்த மாதம் ஓய்வு பெறவிருந்ததால் வாதங்களை முடிக்க நாள் போதாது என்று வேறு அமர்வுக்குத் தள்ளிவைத்தார்கள்.